கனடாவில் தாங்கிய பேட்டரி ஊட்டியில் ஏன் சோர்கிறது?

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் அத்தை மகனின் இ-சிகரெட் சென்னையில் ஒன்றரை நாள் தாங்கியது. ஊட்டிக்கு வந்ததும் அரை நாளில் விளக்கு சிமிட்டி நின்றுவிடுகிறது. தலைகுந்தாவில் உறைபனியைப் படமெடுக்கப் போன காலையில் உங்கள் கைபேசியும் 38 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. பேட்டரிகள் கெட்டுவிட்டனவா, அறையில் ஹீட்டர் முன் வைத்துச் சூடாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: "கனடாவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்ததாம்." நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கடுங்குளிரைத் தாங்கிய பொருள், அதைவிட எவ்வளவோ மென்மையான நம் மலைக் குளிரில் ஏன் படுத்துவிடுகிறது? இதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் விடை தானே வந்துவிடும்.

நான் மின்னணுவியலில் டிப்ளமா படித்தவன். நீலகிரியில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கைபேசி, கேமரா, டார்ச் விளக்கு, கையடக்க வானொலி என்று பேட்டரியில் ஓடும் பொருள்களைப் பழுதுபார்த்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கியதும் என் மேசைக்கு வரும் பொருள்களின் வகை மாறிவிடும். "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்ற பேச்சோடு வருபவை அதிகமாகும். அவற்றில் பாதியை நான் பிரிப்பதே இல்லை. மேசை விளக்கின் அடியில் கால் மணி நேரம் வைத்திருந்து, இயக்கிக் காட்டித் திருப்பித் தந்துவிடுவேன். பேட்டரியைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். உங்கள் உறவினரின் சாதனத்தை மட்டும் நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை; அதைப் பற்றிய என் முடிவு, நீங்கள் எழுதியதிலிருந்து ஊகித்ததுதான்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. இ-சிகரெட்டில் இருப்பதும் கைபேசியில் இருப்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த லித்தியம் அயனி பேட்டரிதான். 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை அது. ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் உலோக ஆக்சைடு, இரண்டுக்கும் நடுவில் லித்தியம் உப்பைக் கரைத்த ஒரு திரவம். அந்தத் திரவத்தின் வழியாக அயனிகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகப் போகத்தான் நமக்கு மின்சாரம் கிடைக்கிறது. குளிரில் அந்தத் திரவம் தடிக்கிறது, அயனிகளின் நடை தளர்கிறது, முனைகளில் நடக்கும் வேதிவினையும் மந்தமாகிறது. இவையெல்லாம் சேர்ந்து பேட்டரியின் உள் மின்தடையைக் கூட்டிவிடுகின்றன. சேமித்து வைத்த ஆற்றல் எங்கும் போய்விடுவதில்லை. ஊட்டியில் மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாது. எண்ணெய் முழுவதும் உள்ளேதான் இருக்கும். சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். பேட்டரிக்குள் இருக்கும் திரவம் நம் ஊர்க் குளிரில் எண்ணெயைப் போல உறைந்துபோவதில்லை, தடிப்பதோடு சரி. ஆனால் உள்ளே இருந்தும் வெளியே வராத நிலை இரண்டிலும் ஒன்றுதான்.

அடுத்து, இ-சிகரெட் கைபேசியைவிட அதிகமாகத் தவிப்பதன் காரணம். கைபேசியில் செய்தி படிக்கும்போது ஏறக்குறைய 2 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.7 வோல்ட் பேட்டரியிலிருந்து அதற்குத் தேவையான மின்னோட்டம் சுமார் அரை ஆம்பியர். சிறிய இ-சிகரெட் ஒன்று, திரவத்தை ஆவியாக்கும் கம்பிச் சுருளைச் சூடாக்க 15 வாட் எடுத்தால், அது சுமார் 4 ஆம்பியர். அதுவும் கைபேசியில் உள்ளதைவிடப் பல மடங்கு சிறிய பேட்டரியிலிருந்து, இழுக்கும் சில நொடிகளுக்குள். வெதுவெதுப்பான நிலையில் அந்தப் பேட்டரியின் உள் மின்தடை 0.05 ஓம் என்றால், 4 ஆம்பியர் பாயும்போது 0.2 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். மீதி 3.5 வோல்ட், சாதனம் ஓடும். குளிரில் மின்தடை மூன்று மடங்காகி 0.15 ஆனால் 0.6 வோல்ட் விழும். மீதி 3.1. பல சாதனங்கள் ஏறக்குறைய 3.2 வோல்ட்டிலேயே "சார்ஜ் தீர்ந்தது" என்று நிறுத்திவிடும்படி அமைக்கப்பட்டவை. ஆகவே பாதி நிறைந்த பேட்டரி காலியானதைப் போல நடந்துகொள்கிறது. இந்த எண்களை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டேன். சாதனத்துக்குச் சாதனம் அவை மாறும். ஆனால் அதே குளிர்ந்த பேட்டரியிலிருந்து அரை ஆம்பியர் மட்டும் எடுத்தால் வீழ்ச்சி 0.1 வோல்ட்டைக்கூட எட்டாது என்பதைக் கவனியுங்கள். குளிர் இருவரையும் ஒரே அளவுதான் தொடுகிறது. அவசரமாக நிறையக் கேட்பவருக்குத்தான் அது உறைக்கிறது.

இதில் இன்னொரு சுழலும் உண்டு. சற்று விலை உயர்ந்த சாதனங்கள் வாட் அளவைச் சீராக வைத்திருக்க முயல்பவை. மின்னழுத்தம் குறைந்தால் அதே வாட்டை எட்ட அவை மேலும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் கூடினால் மின்னழுத்தம் மேலும் விழும். காலையில் முதல் இழுப்பிலேயே விளக்கு சிமிட்டுவது இதனால்தான். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு சற்றுச் சரியாவதைப் போலத் தோன்றினால், உள் மின்தடையில் வீணாகும் ஆற்றலே பேட்டரியை உள்ளிருந்து சூடாக்கியிருக்கிறது என்று பொருள்.

இப்போது கனடாவுக்கு வருகிறேன். அங்கே குளிர்காலத்தில் வீடு, அலுவலகம், கடை, கார் எல்லாவற்றுக்குள்ளும் வெப்பமூட்டி ஓடுகிறது. உங்கள் அத்தை மகன் பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரியில் நின்று புகைத்தார் என்பது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சாதனம் அதற்கு ஐந்து நிமிடம் முன்புவரை 20 டிகிரிக்கு மேல் இருந்த அறையில், பிறகு தடித்த கோட்டின் உள்பையில் இருந்திருக்கிறது. வெளிக்காற்று அதைப் பிடிப்பதற்குள் அவர் திரும்ப உள்ளே போயிருப்பார். நம் ஊர்க் கதை வேறு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சாதாரணத் தங்கும் விடுதி அறைகளில் இரவெல்லாம் ஓடும் வெப்பமூட்டி பெரும்பாலும் கிடையாது. தடித்த கம்பளிக்குள் நாம் சூடாகத் தூங்குகிறோம். ஜன்னலோர மேசையில் கிடக்கும் கைபேசியும் இ-சிகரெட்டும் இரவெல்லாம் குளிர்கின்றன. விடியும்போது அறைக் காற்று 10 டிகிரி என்றால் பேட்டரியின் நடுப்பகுதியும் 10 டிகிரியேதான். மணிக்கணக்காக ஊறிய குளிர் அது. காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

காரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேகமில்லாத ஜனவரி இரவில் புல்தரையும் கார்க் கூரையும் தம் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழந்துவிடுகின்றன. அதனால் ஆள் உயரத்தில் காற்று 3, 4 டிகிரி இருக்கும்போதே புல்லின் மேல் வெள்ளை படிந்துவிடும். காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்வான வெளிகளில் குளிர்ந்த காற்று வழிந்துவந்து தேங்குவதால் அங்கே இன்னும் அதிகம். "குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி" என்று காலையில் செய்தி படிக்கும்போது, திறந்தவெளியில் நிறுத்திய காரின் முன்பலகையில் கிடந்த பொருள் பூஜ்ஜியத்தைத் தொட்டிருக்கக்கூடும். கண்ணாடியில் பனியைச் சுரண்டியெடுக்க வேண்டிய காலை என்றால், காருக்குள் இருந்த எதையும் உடனே சார்ஜில் போடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு திருத்தம். நான் இதுவரை சொன்னதை வைத்துக் குளிர் மட்டும்தான் குற்றவாளி என்று முடிவு செய்துவிட வேண்டாம். 5 முதல் 10 டிகிரிக் குளிர் ஒரு நல்ல பேட்டரியைச் சோர வைக்கும். ஒன்றரை நாளை அரை நாளாக வெட்டுவது அதற்குச் சற்று மீறிய காரியம். பனிக்காலம் வந்ததும் பழைய மூட்டுவலி எழுவதைப் போல, குளிர் பேட்டரியின் வயதை வெளியே காட்டுகிறது. பலமுறை சார்ஜ் ஏறி இறங்கிய பேட்டரிக்கு உள் மின்தடை ஏற்கெனவே கூடியிருக்கும். சமவெளி வெப்பத்தில் அது தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் உறவினரின் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்பது என் ஊகம். சரிபார்ப்பது எளிது. மலை இறங்கிக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் முழுதாக சார்ஜ் ஏற்றி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். பழையபடி ஒன்றரை நாள் வந்தால் குளிர்தான் பெரிய காரணம்; சற்று வயதாகியிருந்தாலும் அந்தப் பேட்டரி சமவெளிக்குப் போதும். அங்கேயும் பாதியில் நின்றால் பேட்டரியின் காலம் முடிகிறது. கைபேசிக்கும் இதே சோதனைதான். கூடவே ஒன்று: பள்ளத்தாக்குகளில் சிக்னல் மெலிந்தால் கைபேசி தன் வலு முழுவதையும் கொட்டிக் கோபுரத்தைத் தேடும். உறைபனிக் காலையில் திரை வெளிச்சம் முழு அளவில், கேமரா ஓடிக்கொண்டிருக்க, சிக்னலையும் தேடினால் 38 சதவீதத்தில் அணைவதில் வியப்பில்லை. விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுப் படமெடுங்கள்.

இ-சிகரெட்டுக்கு மட்டும் உரிய காரணம் ஒன்றும் உண்டு. அதில் ஊற்றும் திரவத்தின் பெரும்பகுதி கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும். தூய கிளிசரின் 30 டிகிரியில் இருப்பதைவிட 0 டிகிரியில் ஏறக்குறைய இருபது மடங்கு பிசுபிசுப்பானது. கலவையில் அவ்வளவு இருக்காது என்றாலும், தடித்த திரவம் சுருளோடு ஒட்டியிருக்கும் பஞ்சுக்குள் மெதுவாகத்தான் ஏறும். புகை குறைகிறதே என்று நீண்ட நேரம் இழுப்பார்கள். பஞ்சு காய்ந்து கருகும், பேட்டரியும் வேகமாகக் கரையும். பேட்டரி போய்விட்டது என்று கொண்டுவந்த சிலவற்றில் கருகிய பஞ்சைத்தான் பார்த்திருக்கிறேன். மலையேறும்போது திரவம் கசிவதும் வழக்கம். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். குன்னூர் தாண்டும்போது சிப்ஸ் பொட்டலங்கள் தலையணைபோல உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோலத் தொட்டியில் அடைபட்ட காற்றும் விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். அது பேட்டரி முனைகளில் இறங்கினால் அரிப்பு தொடங்கிவிடும். துடைத்து உலர்த்திவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். உயரமே பேட்டரியைத் தின்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், அது தவறு. உயரம் குளிரையும் மெலிந்த சிக்னலையும் கொண்டுவருகிறது, அவ்வளவே.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது சார்ஜ் ஏற்றுவது பற்றி. குளிரில் பேட்டரியைப் பயன்படுத்தினால் அது சோரும், சூடானதும் மீளும். குளிரில் சார்ஜ் ஏற்றினால் மீளாத சேதம் வரலாம். கிராஃபைட் ஏடு ஏடாக அடுக்கிய பொருள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் அந்த ஏடுகளுக்கு இடையே நுழைந்து உட்கார வேண்டும். குளிரில் நுழைவது மெதுவாகும். சார்ஜரோ தள்ளிக்கொண்டே இருக்கும். வாசலில் நெரிசலில் சிக்கியவை அங்கேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது, அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். படிவு ஊசிபோல வளர்ந்தால் உள்ளேயே குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும் அபாயமும் உண்டு. அதனால்தான் இவ்வகைப் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் எல்லையைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி என்று குறிப்பிடுகிறார்கள். நல்ல கைபேசிகளில் வெப்பத்தை அளந்து சார்ஜைத் தடுக்கும் சுற்று இருக்கிறது. மலிவான இ-சிகரெட்டில் அது இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. விடுதி அறைக்குள் 10, 12 டிகிரியில் மெதுவாக சார்ஜ் ஏற்றுவதில் பெரிய ஆபத்து இல்லை. காரிலோ கூடாரத்திலோ இரவெல்லாம் கிடந்ததை எடுத்துவந்து நேராகச் செருகுவதுதான் ஆபத்து. அறையில் ஒரு மணி நேரம் கிடக்கட்டும். குளிர்ந்த பொருளின் மேல் அறையின் ஈரம் வியர்த்திருந்தால் அதுவும் காய்ந்துவிடும்.

ஹீட்டர் முன் வைக்கலாமா என்றால், வேண்டவே வேண்டாம். ஹீட்டர், முடி உலர்த்தி, கரி அடுப்பு எதுவும் கூடாது. பேட்டரியின் ஒரு பக்கம் சுட்டுப் பொசுங்க, மறுபக்கம் குளிர்ந்தே இருக்கும்; எவ்வளவு ஏறியது என்று உங்களுக்குத் தெரியாது. 60 டிகிரிக்கு மேல் போனால் அது பேட்டரியின் எல்லையைத் தாண்டிய வெப்பம். பேட்டரிக்கு உகந்த வெப்பம் உங்கள் உடலிலேயே இருக்கிறது. ஸ்வெட்டருக்கு உள்ளே, சட்டைப் பையில் பதினைந்து நிமிடம் போதும். (கரி அடுப்பைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: குளிருக்காக மூடிய அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.)

பையில் வைப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். சில இ-சிகரெட்டுகளில் பேட்டரியைத் தனியே கழற்றலாம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை அது. உதிரி ஒன்றைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு திரிந்த ஓர் இளைஞர் சில ஆண்டுகளுக்கு முன் என் மேசையில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தார். அதன் விளிம்பில் மிளகளவு ஒரு குழி, சுற்றிலும் கருமை. பேட்டரியின் மேலுறை நேர்முனைக்கு அருகில் கிழிந்திருந்தது. நாணயம் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டது. பேன்ட் பையின் துணி கருகி, தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். "ஏதோ பூச்சி கடித்தது என்றுதான் முதலில் நினைத்தேன்" என்றார். உதிரி பேட்டரியைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். சாவி, சில்லறை எதுவும் அதனுடன் சேரக் கூடாது. மேலுறை கிழிந்ததை, உப்பியதை, கீழே விழுந்து நசுங்கியதை ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

பேட்டரியை மாற்றித் தர முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் சட்டத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விநியோகிப்பது, கொண்டு செல்வது, சேமித்து வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாவற்றையும் தடை செய்கிறது. முதல்முறை விற்பனைக்கோ இறக்குமதிக்கோ ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததையும் இறக்குமதியாகவே பார்க்க முடியும். உங்கள் உறவினர் இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. என் தொழில் சார்ந்த பக்கம் இது: சட்டப்படி சந்தை இல்லாத பொருளுக்கு உத்தரவாதமும் இல்லை, உதிரியும் இல்லை. மறைத்து விற்கும் இடத்தில் கிடைக்கும் பேட்டரி, பழைய மடிக்கணினியிலிருந்து உருவி எடுத்துப் புது உறை மாட்டியதாகவும் இருக்கலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. கைபேசிக்கோ பவர் பேங்குக்கோ வாங்கும்போது ஐஎஸ் 16046 என்ற தரக் குறியையாவது தேடலாம். இதற்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அதனால் நான் இ-சிகரெட்டில் பேட்டரி மாற்றித் தருவதில்லை, உங்களையும் தேட வேண்டாம் என்றே சொல்வேன். நிக்கோட்டின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. குளிரில் விறைத்த விரல்கள் புகைத்தபின் இன்னும் விறைக்கும். இந்தப் பயணத்திலேயே அவர் அதை விட்டுவிட முயன்றால் எனக்கு மகிழ்ச்சி. எப்படி என்பதை மருத்துவர் சொல்வார்.

சார்ஜ் தீர்ந்ததும் தூக்கியெறியும் வகை இ-சிகரெட்டுக்குள்ளும் இதே லித்தியம் பேட்டரிதான் இருக்கிறது. அதை மலைப்பாதை வளைவிலிருந்து பள்ளத்தில் வீசுபவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பனியில் கருகிய புல் பிப்ரவரியில் சருகாகக் காய்ந்து கிடக்கும். காட்டுத்தீ பிடிப்பது அந்த மாதங்களில்தான். நசுங்கிய பேட்டரி ஒன்று தானே தீப்பொறியாகக்கூடும். குப்பைத் தொட்டியும் அதற்கு இடமில்லை. மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்ப்பதுதான் முறை. இங்கே கிடைக்காவிட்டால் முனைகளில் டேப் ஒட்டி ஊருக்கே எடுத்துச் செல்லுங்கள்.

நாளை விடியலில் தொட்டபெட்டா போவதாக எழுதியிருக்கிறீர்கள். 2,637 மீட்டர் உயரம், காற்றும் இருக்கும். அது காப்புக்காடு; இ-சிகரெட்டை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கைபேசியை இரவே முழுதாக சார்ஜ் ஏற்றி, தலையணைக்கு அடியில் வைக்காமல், கம்பளி விரித்த நாற்காலியில் உங்கள் அருகில் வையுங்கள். கிளம்பும்போது ஸ்வெட்டருக்குள் உள்பையில் போட்டு, படமெடுக்கும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள். நடுவில் அணைந்தால் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டாம். திரும்ப உள்ளே போட்டுக்கொண்டு, கிடைத்தால் ஒரு டீ குடியுங்கள். குடித்து முடிக்கும்போது பெரும்பாலும் இயங்கும்.